மின்னஞ்சல் சேவையகத்தில் வட்டு நிரம்பினால்: அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸையும் (மடல்களைப் பெற்று அனுப்பும் நிரல்) டவ்காட்டையும் (அஞ்சல்பெட்டிகளைப் பராமரிக்கும் நிரல்) நிறுவி, ஓர் அலுவலகத்திற்கோ கல்லூரிக்கோ மின்னஞ்சல் சேவையகம் நடத்துபவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். இத்தகைய சேவையகத்தில் வட்டு இடத்தை எடுத்துக்கொள்பவை நான்கு: அனுப்பப்படக் காத்திருக்கும் மடல்களின் வரிசை, பயனர்களின் அஞ்சல்பெட்டிகள், அப்பெட்டிகளுக்கான குறியீட்டு (இண்டெக்ஸ்) கோப்புகள், நிகழ்வுகளைப் பதியும் லாக் கோப்புகள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் பெருக்கின்றன. நிரம்பும்போது காட்டும் அறிகுறியும் வேறு. பதற்றத்தில் கைக்கு எட்டிய பழைய கோப்புகளை அழிப்பவர், பெரும்பாலும் சிக்கலுக்குத் தொடர்பில்லாத இடத்தில் ஒரு சில ஜிபியைப் பெறுகிறார். சிக்கல் இரண்டே நாளில் திரும்பி வருகிறது. ஆகவே, கண்ட அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிச் செல்லும் முறையில் இதை அமைத்துள்ளேன். கட்டளைகளும் அமைப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை அவற்றுக்குரிய ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

எதையும் அழிப்பதற்கு முன்

முதல் கடமை, வரும் மடல்கள் தொலையாமல் பார்த்துக்கொள்வது. வட்டு நிரம்பிய நிலையில் சேவையகம் தரும் பதில் 4 என்னும் இலக்கத்தில் தொடங்கினால் அது தற்காலிக மறுப்பு. அனுப்பிய சேவையகம் மடலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் முயலும். 5 என்னும் இலக்கத்தில் தொடங்கினால் அது நிரந்தர மறுப்பு. மடல் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். போஸ்ட்ஃபிக்ஸில் 'சாஃப்ட்_பவுன்ஸ்' என்றொரு அமைப்பு உண்டு. அதை 'யெஸ்' என்று மாற்றி, 'போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்' கட்டளையைக் கொடுத்தால், நிரந்தர மறுப்புகள் யாவும் தற்காலிக மறுப்புகளாகிவிடும். திருப்பி அனுப்பப்பட வேண்டிய மடல்கள் வரிசையிலேயே தங்கும். இந்த ஒரு வரி, அடுத்த சில மணி நேரத்திற்கு நிதானமாக ஆராயும் வாய்ப்பைத் தருகிறது. சிக்கல் தீர்ந்த பிறகு அதை மறவாமல் 'நோ' என்று மாற்ற வேண்டும்; மறந்தால், இல்லாத முகவரிகளுக்கு வந்து மறுக்கப்படும் மடல்களைக்கூட வெளிச் சேவையகங்கள் நாள்கணக்கில் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும், நம் வரிசையும் தேவையின்றி வளரும்.

அடுத்து மூன்று கணக்குகளை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'டிஎஃப் -ஹெச்' ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் (வட்டின் பிரிவு) எவ்வளவு இடம் மீதம் என்று காட்டும். 'டிஎஃப் -ஐ' எத்தனை ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் கோப்பு முறைமை வைக்கும் பதிவு) மீதம் என்று காட்டும். 'போஸ்ட்கியூ -பி' கட்டளையின் கடைசி வரி, வரிசையில் எத்தனை மடல்கள் எத்தனை கிலோபைட் அளவில் நிற்கின்றன என்று சொல்லும். இம்மூன்றும் கையில் இருந்தால் கீழுள்ள எந்தப் பகுதி உங்களுக்குரியது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து மடல் எதுவும் வருவதில்லை. லாக்கில் 452 4.3.1 என்று பதிவாகிறது

இந்தக் குறிக்குப் பொருள், அமைப்பில் சேமிப்பிடம் போதவில்லை என்பது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மடலைப் பெறத் தொடங்கும் முன்பே, வரிசை இருக்கும் பார்ட்டிஷனில் போதிய இடம் இருக்கிறதா என்று பார்க்கிறது. 'மெசேஜ்_சைஸ்_லிமிட்' என்னும் உச்ச அளவைப் போல் ஒன்றரை மடங்கு இடம் இல்லையென்றால், வரும் மடல் வெறும் இரண்டு வரியாக இருந்தாலும் அதை ஏற்க மறுக்கிறது. இயல்பு மதிப்பு 1,02,40,000 பைட். எனவே 15 எம்பிக்குச் சற்று மேல் இடம் இருந்தால் போதும். ஆனால் பெரிய இணைப்புகளை அனுமதிப்பதற்காக அந்த உச்ச அளவை 100 எம்பி என்று யாரேனும் உயர்த்தியிருந்தால், 150 எம்பி காலியாக இல்லாத நொடியிலிருந்து மடல் வரவு நின்றுவிடும். சிறிய தனிப் பார்ட்டிஷனில் வரிசையை வைத்திருக்கும் சேவையகங்களில் இது எளிதாக நேரும்.

இங்கே கவனிக்க வேண்டியது, நிரம்பியது வரிசைதான் என்று இந்தக் குறி சொல்வதில்லை. வரிசை இருக்கும் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது என்று மட்டுமே சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே பார்ட்டிஷனில் நிறுவியிருந்தால், லாக் கோப்போ, காப்பு நகலோ, யாரோ பதிவிறக்கி வைத்த ஒரு நிறுவல் கோப்போ காரணமாக இருக்கலாம். '/வார்' அடைவிலிருந்து தொடங்கி, 'டியூ -எக்ஸ்ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1' என்று ஒவ்வோர் அடுக்காக இறங்கிச் சென்று, பெருத்திருப்பது எது என்று காணுங்கள். '-எக்ஸ்' தெரிவு, வேறு பார்ட்டிஷன்களுக்குள் கணக்கு நுழையாமல் தடுக்கிறது. அதை விட்டுவிட்டால் அஞ்சல்பெட்டிகளின் அளவும் இதனுடன் கலந்து குழப்பும்.

பெரிய இணைப்பு பற்றிய மற்றொரு மறுப்பும் இதனுடன் குழப்பிக்கொள்ளப்படுகிறது. 552 5.3.4 என்று வந்தால் வட்டில் குறை எதுவும் இல்லை. மடல்தான் அனுமதித்த அளவை மீறியிருக்கிறது. இணைப்புகள் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்வதால், அவை ஏறத்தாழ 37 விழுக்காடு பெருக்கின்றன. எனவே மேற்சொன்ன இயல்பு மதிப்பில் 7 எம்பி அளவுள்ள கோப்பு கடந்துவிடும். 8 எம்பி கோப்பு கடக்காது. 25 எம்பி இணைப்பை அனுமதிப்பதாகப் பயனர்களிடம் அறிவித்தால், உச்ச அளவை 35 எம்பி என்று வைக்க வேண்டும். வட்டுக் கணக்கையும் அந்தப் பெருகிய அளவைக் கொண்டே போட வேண்டும்.

வரிசை வளர்ந்துகொண்டே போகிறது

'/வார்/ஸ்பூல்/போஸ்ட்ஃபிக்ஸ்' அடைவுக்குள் 'டிஃபெர்டு' என்னும் பகுதியே பெரும்பாலும் வீங்கியிருக்கும். கொண்டுசேர்க்க முடியாத மடலை போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாள் வரை வைத்திருந்து முயல்கிறது. அது கழிந்தால்தான் அனுப்பியவருக்குத் திருப்புகிறது. அந்த ஐந்து நாளும் மடலின் முழு உடலும் வட்டில் இருக்கும்.

'கியூஷேப் டிஃபெர்டு' கட்டளை, எந்தெந்த டொமைனுக்குச் செல்லும் மடல்கள் எவ்வளவு நேரமாகத் தேங்கி நிற்கின்றன என்று பட்டியலிட்டுக் காட்டும். ஒரே டொமைன் மட்டும் மேலே நின்றால், அந்தப் பக்கத்துச் சேவையகம் கிடைக்காமல் இருக்கலாம், காத்திருப்பதே சரி. உங்கள் சொந்த டொமைனே மேலே நின்றால், டவ்காட் மடல்களை வாங்கிக்கொள்ளவில்லை என்று பொருள். அஞ்சல்பெட்டிப் பார்ட்டிஷனைப் பாருங்கள். தொடர்பே இல்லாத நூற்றுக்கணக்கான டொமைன்கள் சிறிது சிறிதாக நின்றால், ஒரு பயனரின் கடவுச்சொல் களவு போய், அவர் கணக்கிலிருந்து எரிதங்கள் (ஸ்பாம் மடல்கள்) புறப்படுகின்றன என்று ஐயப்பட வேண்டும். 'போஸ்ட்கேட் -கியூ' கட்டளையுடன் வரிசை எண்ணைக் கொடுத்து இரண்டு மூன்று மடல்களைத் திறந்து பார்த்தால் ஐயம் தெளிந்துவிடும்.

அப்படியான நிலையில் முதலில் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகுதான் வரிசையைச் சுத்தம் செய்ய வேண்டும். 'போஸ்ட்சூப்பர் -டி ஆல் டிஃபெர்டு' என்று கட்டளையிட்டால் எல்லாம் ஒரே நொடியில் மறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குவியலுக்குள் நேர்மையாக எழுதப்பட்ட மடல்களும் இருக்கின்றன. அவை அழிந்ததை அனுப்பியவர்களும் அறியமாட்டார்கள், பெற வேண்டியவர்களும் அறியமாட்டார்கள். ஆகவே ஐயத்திற்குரிய அனுப்புநரின் மடல்களை மட்டும் பிரித்தெடுத்து, முதலில் 'போஸ்ட்சூப்பர் -ஹெச்' கொண்டு நிறுத்திவையுங்கள். சரிபார்த்த பின் அவற்றை மட்டும் அழியுங்கள்.

இடம் இருப்பதாக டிஎஃப் காட்டுகிறது. ஆனாலும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்கிறது

நிர்வாகிகளை மிகுதியாக அலைக்கழிக்கும் அறிகுறி இது. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. இரண்டும் திட்டமிடும் கட்டத்திலேயே தவிர்த்திருக்கக் கூடியவை.

முதலாவது, ஐநோடு தீர்ந்துபோதல். மெயில்டிர் என்னும் சேமிப்பு முறையில் ஒவ்வொரு மடலும் ஒரு தனிக் கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் ஐநோடு வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை உருவாக்கும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கை நிலைப்பட்டுவிடுகிறது. இயல்பாக 16,384 பைட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவை அமைகின்றன. 1 டிபி அளவுள்ள பார்ட்டிஷனில் இது 6 கோடிக்கு மேல், சாதாரணமாக இது போதும். ஆனால் பெரிய கோப்புகளுக்கென்று விகிதத்தை மாற்றி உருவாக்கிய பார்ட்டிஷனை யாரேனும் அஞ்சல்பெட்டிகளுக்குத் தந்திருந்தால் நிலைமை மாறும். தானியங்கி எச்சரிக்கைகளைப் பெறும் பெட்டி ஒன்று பல ஆண்டுகளாக யாராலும் திறக்கப்படாமல் இரண்டு மூன்று கேபி அளவுள்ள மடல்களைக் குவித்துவைத்திருந்தாலும் ஐநோடுகள் முதலில் தீரும், இடம் மீந்திருக்கும். 'டிஎஃப் -ஐ' கட்டளையில் 100 விழுக்காடு என்று கண்டால் இதுவே காரணம்.

உடனடித் தீர்வு, அப்படிப்பட்ட பெட்டியில் பழைய மடல்களை 'டவ்அட்மின் எக்ஸ்பஞ்ச்' கட்டளையின் வழியே, 'சேவ்டுபிஃபோர்' நிபந்தனையுடன் நீக்குவது. 'ஆர்எம்' கட்டளையால் கோப்புகளை நேரடியாக அழிப்பதைத் தவிருங்கள். டவ்காட்டின் குறியீட்டுக்கும் கோட்டாக் கணக்குக்கும் (ஒவ்வொரு பயனருக்குமான இட வரம்பு) அது தெரியாது. நெடுநாள் தீர்வு மூன்று வகை. பார்ட்டிஷன் அளவைப் பின்னர் மாற்ற இடம்தரும் எல்விஎம் மீது அமைந்திருந்தால் பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம். எக்ஸ்ட்4 பெரிதாகும்போது அதே விகிதத்தில் ஐநோடுகளும் கூடும். ஐநோடுகளைத் தேவைக்கேற்ப உருவாக்கிக்கொள்ளும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமைக்கு மாறலாம். ஆனால் அதைப் பின்னாளில் சுருக்க முடியாது என்பதை அறிந்து மாற வேண்டும். பல மடல்களை ஒரே கோப்பில் வைக்கும் எம்டிபாக்ஸ் முறைக்கு மாறலாம். அதன் விலையைச் சற்றுப் பின்னே சொல்கிறேன்.

இரண்டாவது காரணம், எக்ஸ்ட்4 இயல்பாக 5 விழுக்காடு இடத்தை ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) பயனருக்கென ஒதுக்கி வைப்பது; டிஎஃப் காட்டும் மொத்த அளவிலிருந்து பயன்பட்டதைக் கழித்தால் இடம் இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். ரூட்டாக நுழைந்து ஒரு சோதனைக் கோப்பை எழுதிப் பார்க்கும் நிர்வாகிக்கு எழுத முடிகிறது. அஞ்சல்பெட்டிகளின் உரிமையாளரான 'விமெயில்' பயனருக்கோ எழுத முடிவதில்லை. சோதனையை எப்போதும் 'சூடோ -யு விமெயில்' என்று அந்தப் பயனரின் பெயரிலேயே செய்யுங்கள். அஞ்சல்பெட்டிகள் மட்டும் இருக்கும் தனிப் பார்ட்டிஷனுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடு தேவையற்றது. 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' என்று அதை 1 விழுக்காடாகக் குறைத்தால், 1 டிபி வட்டில் ஏறத்தாழ 37 ஜிபி உடனே கிடைக்கும், சேவையகத்தை நிறுத்தவும் வேண்டியதில்லை. ரூட் பார்ட்டிஷனில் இதைச் செய்யாதீர்கள். நெருக்கடி நேரத்தில் நீங்கள் உள்ளே நுழைந்து வேலை செய்ய அந்த ஒதுக்கீடுதான் கைகொடுக்கிறது.

டிஎஃப் சொல்லும் அளவும் டியூ சொல்லும் அளவும் ஒத்துப்போவதில்லை

டிஎஃப் கோப்பு முறைமையைக் கேட்டுச் சொல்கிறது. டியூ கண்ணுக்குத் தெரியும் கோப்புகளைக் கூட்டிச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே பல ஜிபி வேறுபாடு இருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இடத்தைப் பிடித்திருக்கிறது.

மிகப் பொதுவான காரணம், அழிக்கப்பட்டும் இன்னும் திறந்திருக்கும் கோப்பு. பெருத்துவிட்ட 'மெயில்.லாக்' கோப்பை ஒருவர் அழித்துவிடுகிறார். ஆனால் அதில் எழுதிக்கொண்டிருந்த ஆர்சிஸ்லாக் நிரல் அதை மூடவில்லை. பெயர் போய்விட்டது, இடம் விடுபடவில்லை. நிரல் மேலும் மேலும் எழுதிக்கொண்டும் இருக்கிறது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' கட்டளை இத்தகைய கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் நிரல்களையும் பட்டியலிடும். அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பும். ஓடிக்கொண்டிருக்கும் லாக் கோப்பைக் காலி செய்ய வேண்டுமானால், அழிப்பதைவிட 'ட்ரங்கேட் -எஸ் 0' கொண்டு அதன் அளவைச் சுழியாக்குவதே முறை.

மற்றொரு காரணம் மறைவானது. ஒருமுறை சேவையகம் மறுதொடங்கியபோது அஞ்சல்பெட்டிப் பார்ட்டிஷன் ஏதோ பிழையால் இணைக்கப்படாமல் போயிருக்கலாம். அந்த இடைவேளையில் வந்த மடல்கள் வெற்று அடைவுக்குள், அதாவது ரூட் பார்ட்டிஷனுக்குள், எழுதப்பட்டிருக்கும். பிறகு பார்ட்டிஷனை இணைத்தவுடன் அவை அதற்கு அடியில் மறைந்துவிடும். டியூ கண்ணுக்கு அவை படுவதில்லை. 'மவுண்ட் --பைண்ட்' மூலம் ரூட் கோப்பு முறைமையை வேறோர் அடைவில் இணைத்து அங்கே டியூ ஓட்டினால் அவை வெளிப்படும். அவற்றை அழித்துவிடாதீர்கள், அவை பயனர்கள் இதுவரை கண்டிராத மடல்கள். 'டவ்அட்மின் இம்போர்ட்' வழியே உரிய பெட்டிகளில் சேருங்கள். இனி இது நேராமலிருக்க, பார்ட்டிஷனை இணைப்பதற்கான வெற்று அடைவை ரூட்டுக்கு உரியதாக்கி, விமெயில் பயனருக்கு எழுத அனுமதி தராமல் வையுங்கள். பார்ட்டிஷன் இணையாத நாளில் மடல்கள் அங்கே எழுதப்படாமல் வரிசையில் காத்திருக்கும்.

பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் ஸ்னாப்ஷாட்டுகளும் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) இதே வேறுபாட்டை உண்டாக்கும். மடலை அழித்தாலும், அதைக் குறிக்கும் ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை இடம் திரும்பாது.

பயனர்கள் நிறைய அழித்தார்கள், இடம் திரும்பவில்லை

அனைவருக்கும் சுற்றறிக்கை அனுப்பிப் பழைய மடல்களை நீக்கச் சொன்ன பிறகும் டிஎஃப் எண் அசையாமல் நிற்பது மனத்தைச் சோர்வடையச் செய்யும். பயனர்களைக் குறை கூறும் முன் சேவையகத்தைப் பாருங்கள்.

நீக்கப்பட்ட மடல் பெரும்பாலும் 'ட்ராஷ்' கோப்புறைக்குப் போய் அங்கேயே இருக்கிறது. மடல் செயலிகள் அஞ்சல்பெட்டியைப் படிக்கப் பயன்படுத்தும் ஐமேப் நெறிமுறையில் நீக்கக் குறியிடுவது ஒரு படி, உண்மையில் அகற்றுவது மற்றொரு படி. சில செயலிகள் முதற்படியோடு நின்றுவிடுகின்றன. டவ்காட்டில் ட்ராஷ், எரிதக் கோப்புறை ஆகியவற்றுக்கு 'ஆட்டோஎக்ஸ்பஞ்ச் = 30டி' என்று வைத்தால், முப்பது நாளுக்கு மேற்பட்டவை தாமே அகலும். இதைப் பயனர்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டியது கட்டாயம். ட்ராஷையே சேமிப்பறையாகப் பயன்படுத்துபவர்கள் எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள்.

அஞ்சல்பெட்டிகள் எம்டிபாக்ஸ் முறையில் இருந்தால் காரணம் வேறு. அங்கே பல மடல்கள் ஒரே கோப்பில் இருப்பதால், ஒரு மடலை அகற்றும்போது அதைச் சுட்டும் குறிப்புகளின் எண்ணிக்கை மட்டுமே குறைகிறது. கோப்பிலிருந்து அது வெளியேறுவதில்லை. 'டவ்அட்மின் பர்ஜ்' கட்டளையை ஓட்டினால்தான் இடம் விடுபடும். முன்பு நான் குறிப்பிட்ட விலை இதுதான்: இரவு நேரத்தில் இக்கட்டளை தவறாமல் ஓடும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் அமைக்க வேண்டும். பர்ஜ் ஓடும்போது மீதமுள்ள மடல்கள் புதிய கோப்புக்கு எழுதப்படுவதால் அதற்கே கொஞ்சம் காலியிடம் தேவை. முற்றிலும் நிரம்பிய வட்டில் அதை ஓட்ட முடியாமல் போகலாம். இத்தகைய நேரத்திற்காகவே அஞ்சல்பெட்டிப் பார்ட்டிஷனில் சில ஜிபி அளவுள்ள வெற்றுக் கோப்பு ஒன்றை 'எஃப்அலொகேட்' மூலம் உருவாக்கி வைத்திருக்கும்படி பரிந்துரைக்கிறேன். நெருக்கடியில் அதை அழித்துவிட்டு, கிடைத்த இடத்தில் பர்ஜ் ஓட்டலாம்.

குறியீட்டுக் கோப்புகளை அழித்து இடம் மீட்கலாம் என்ற அறிவுரை ஆங்காங்கே வழங்குகிறது. இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. 'டவ்காட்.இண்டெக்ஸ்.கேஷ்' கோப்பை இழந்தால் அது மீண்டும் உருவாகிவிடும். முழுவுரைத் தேடலுக்கான குறியீட்டையும் அழித்து மறுபடி உருவாக்கலாம். பெரும்பாலும் அதுவே அளவில் பெரிதாக இருக்கும். ஆனால் எம்டிபாக்ஸிலும், அதன் இனமான எஸ்டிபாக்ஸ் முறையிலும் மடல் படிக்கப்பட்டதா, பதிலளிக்கப்பட்டதா என்பன போன்ற குறிகள் முதன்மைக் குறியீட்டுக் கோப்பில் மட்டுமே இருக்கின்றன. அது போனால் அவை போய்விடும். மெயில்டிரில் குறிகள் கோப்புப் பெயரிலேயே இருப்பதால் அந்த இடர் இல்லை. ஆயினும் 'டவ்காட்-யுஐடிலிஸ்ட்' கோப்பைத் தொட்டால், பயனர்களின் செயலிகள் எல்லா மடல்களையும் மீண்டும் பதிவிறக்கத் தொடங்கும்.

ஒரே ஒருவருக்கு மட்டும் மடல் திரும்புகிறது

552 5.2.2 என்ற குறியுடன் மடல் திரும்பினால் அவரது கோட்டா நிறைந்துவிட்டது. 'டவ்அட்மின் கோட்டா கெட்' கட்டளை, பயன்பாட்டையும் வரம்பையும் காட்டும். பெட்டியில் அவ்வளவு மடல்கள் இல்லையென்றால் கணக்கு பிசகியிருக்கிறது; யாரோ கோப்புகளைக் கையால் அழித்ததன் விளைவாக இருக்கலாம். 'டவ்அட்மின் கோட்டா ரீகால்க்' அதைச் சரிசெய்யும்.

இதில் மற்றோர் ஓட்டை உண்டு. மடலை போஸ்ட்ஃபிக்ஸ் முழுவதும் பெற்றுக்கொண்ட பிறகே டவ்காட் கோட்டா நிறைந்ததென்று மறுக்கிறது. அப்போது போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு திருப்பு மடலை எழுதி அனுப்பியாக வேண்டும். வந்தது எரிதமாக இருந்தால், அனுப்புநர் முகவரி பொய்யானது. திருப்பு மடல் தொடர்பே இல்லாத ஒருவருக்குச் செல்லும், அல்லது போகவும் முடியாமல் ஐந்து நாள் வரிசையில் கிடக்கும். டவ்காட்டின் 'கோட்டா-ஸ்டேட்டஸ்' சேவையை போஸ்ட்ஃபிக்ஸின் பெறுநர் சோதனையோடு இணைத்துவிட்டால், மடல் உள்ளே வரும் முன்பே வாசலில் மறுப்பு நிகழும். கோட்டா வைத்திருக்கும் ஒவ்வொரு சேவையகத்திலும் இதைச் செய்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லாக் கோப்புகள் திடீரென்று பெருக்கின்றன

ஏதோவொரு பழைய சிக்கலை ஆராய்வதற்காக டவ்காட்டில் 'மெயில்_டீபக்' அமைப்பை இயக்கியவர் அதை அணைக்க மறந்திருப்பார். அல்லது போஸ்ட்ஃபிக்ஸின் 'மாஸ்டர்.சிஎஃப்' கோப்பில் விரிவான பதிவைக் கோரும் '-வி' தெரிவு தங்கியிருக்கும். அவற்றை நீக்குங்கள். லினக்ஸின் பதிவு நிரலான 'ஜர்னல்டி' தன் இயல்பு அமைப்பில் கோப்பு முறைமையின் 10 விழுக்காடு வரை, 4 ஜிபியைத் தாண்டாமல் எடுத்துக்கொள்ளும். சிறிய ரூட் பார்ட்டிஷனில் 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்' மூலம் அதைக் குறைத்து வையுங்கள்.

உள்ளே இடம் இருக்கிறது. ஆனால் சேவையகமே உறைந்துவிட்டது

மெய்நிகர் இயந்திரத்தில் நடத்துபவர்களுக்கு இது நேரும். விருந்தினர் இயங்குதளம் (மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவது) காணும் வட்டு, அடியில் உள்ள சேமிப்பகத்தில் மெல்ல மெல்ல வளரும் வகையாக இருந்தால், அடிச் சேமிப்பகம் நிரம்பும்போது இயந்திரம் நிறுத்திவைக்கப்படும், அல்லது கோப்பு முறைமை படிக்க மட்டும் என்ற நிலைக்குச் செல்லும். உள்ளே மடல்களை அழித்தால் மட்டும் அந்த இடம் அடிச் சேமிப்பகத்திற்குத் திரும்பிவிடாது. மெய்நிகர் வட்டு அதற்கு இடம்தரும் வகையில் அமைந்திருந்து, காலியான பகுதிகளை அடிச் சேமிப்பகத்திற்கு அறிவிக்கும் 'எஃப்எஸ்ட்ரிம்' கட்டளை ஓடினால்தான் திரும்பும். பராமரிப்புக்கு முன் எடுத்து மறந்துவிட்ட ஸ்னாப்ஷாட் ஒன்று பின்னால் வளர்ந்துகொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். அங்கே வட்டை நிரப்புவது பெரும்பாலும் 1 எம்பி அளவில் ஒவ்வொன்றாகக் குவியும் பரிமாற்ற லாக் கோப்புகள். காப்பு நகல் வெற்றிகரமாக முடிந்தால்தான் அவை குறையும். எனவே லாக் வட்டு நிரம்பினால் காப்பு நகல் சில நாட்களாகத் தோல்வியுறுகிறது என்று கொள்ளுங்கள். மடல்களை அழிப்பதால் அங்கே தரவுத்தளக் கோப்பு சுருங்குவதில்லை. உள்ளே வெற்றிடம் மட்டும் உண்டாகி, அடுத்து வரும் மடல்கள் அதில் நிரம்பும்.

மறுபடி நிரம்பாமலிருக்கப் போட வேண்டிய கணக்கு

நூறு பேர் கொண்ட ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பெட்டியில் நாளொன்றுக்கு வந்ததும் அனுப்பியதுமாக 40 மடல்கள் தங்குகின்றன, சராசரி அளவு 150 கேபி என்று வைப்போம். நாளுக்கு 600 எம்பி. ஆண்டுக்கு 250 வேலை நாட்கள் என்றால் 150 ஜிபி. மூன்று ஆண்டுகளுக்கு 450 ஜிபி. ஏற்கெனவே 200 ஜிபி இருந்தால் மொத்தம் 650. குறியீடுகளுக்கும் தேடல் கோப்புகளுக்கும் 20 விழுக்காடு சேர்த்தால் 780. வட்டின் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்புவதில்லை என்று முடிவு செய்தால் 975 ஜிபி வேண்டும். 1 டிபி வட்டு போதும் என்று தோன்றும், போதாது. விற்பனையாளரின் 1 டிபி, டிஎஃப் கணக்கில் 931 ஜிபி. எக்ஸ்ட்4 தன் ஐநோடு அட்டவணைக்கும் ஒதுக்கீட்டுக்கும் எடுத்தது போக, இயல்பு அமைப்பில் ஏறத்தாழ 870 ஜிபிதான் மிஞ்சும். ஆகவே 2 டிபி வாங்க வேண்டும்.

இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. உங்கள் சேவையகத்தின் உண்மை எண்களைப் பெற, நாள்தோறும் ஒரே நேரத்தில் டிஎஃப் அளவைக் குறித்துவரும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் போதும். சராசரியை மட்டும் நம்பாமல் சுற்றறிக்கைகளையும் கணக்கில் கொள்ளுங்கள்: 8 எம்பி கோப்பை இணைத்த ஒரு மடல் பேஸ்64 ஆன பிறகு ஏறத்தாழ 11 எம்பி, வரிசையில் அது ஒரே ஒரு பிரதி, நூறு பெட்டிகளில் தனித்தனியாக விழுந்தால் 1.1 ஜிபி. இத்தகைய கோப்பைப் பொதுக் கோப்புறையில் வைத்து இணைய முகவரியை மட்டும் அனுப்பும் வழக்கத்தை ஏற்படுத்துவது, எந்த வட்டையும் வாங்குவதைவிடப் பயன் தரும். மடல்களைச் சுருக்கிச் சேமிக்கும் டவ்காட்டின் 'ஸீலிப்' செருகுநிரலும் (2.4 பதிப்பிலிருந்து 'மெயில்_கம்ப்ரெஸ்') உதவும். புதிதாக வரும் மடல்களை மட்டுமே அது சுருக்கும். படங்களும் பிடிஎஃப் கோப்புகளும் முன்பே சுருக்கப்பட்டவை என்பதால், அவற்றில் பேஸ்64 கூட்டிய அளவைத்தான் பெரும்பாலும் திரும்பப் பெறலாம்.

வரிசை, அஞ்சல்பெட்டிகள், லாக் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பார்ட்டிஷன்களில் வையுங்கள். மேற்சொன்ன அலுவலகத்தில் அஞ்சல்பெட்டிகள் ஐந்து நாள் செயலிழந்தாலும் வரிசையில் சேர்வது 3 ஜிபி அளவே. எரிதம் பெருகும் நாளையும் எண்ணி வரிசைக்கு 20 ஜிபி, லாக்குக்கு 20 ஜிபி தந்தால் தாராளம். ஒன்று நிரம்பினால் மற்ற இரண்டும் இயங்கும். காப்பு நகலை இவற்றில் எதிலும் வைக்கக் கூடாது.

கோட்டாவைக் கூட்டிப் பாருங்கள். நூறு பேருக்கு ஆளுக்கு 20 ஜிபி என்றால் 2 டிபி; வட்டில் அவ்வளவு இல்லை. எல்லோரும் வரம்பைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இதை அனுமதிக்கலாம், ஆனால் அதைத் தெரிந்து செய்ய வேண்டும்; மொத்த வாக்குறுதி எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதி, வட்டு வாங்க ஒப்புதல் தரும் அதிகாரியிடம் காட்டியிருக்க வேண்டும்.

எச்சரிக்கையைப் பலரும் 90 விழுக்காட்டில் வைக்கிறார்கள். நான் அதை நாள்கணக்கில் வைக்கச் சொல்வேன். மீதமுள்ள இடத்தை அன்றாட வளர்ச்சியால் வகுத்தால், வட்டு நிரம்ப இன்னும் எத்தனை நாள் என்பது தெரியும்: 60 ஜிபி மீதம், நாளுக்கு 600 எம்பி வளர்ச்சி என்றால் நூறு வேலை நாட்கள். விலைப்புள்ளி கோருவது, ஒப்புதல் பெறுவது, பொருள் வந்து சேர்வது, விடுமுறை நாளில் மாற்றிப் பொருத்துவது ஆகியவற்றுக்கு உங்கள் நிறுவனத்தில் எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டு, அதைப்போல் இரு மடங்கு நாட்கள் மீதமிருக்கும்போதே முதல் எச்சரிக்கை வரும்படி அமையுங்கள். ஐநோடுகளுக்கும் வரிசையின் மடல் எண்ணிக்கைக்கும் தனி எச்சரிக்கை வேண்டும். அந்த எச்சரிக்கைகள் இதே சேவையகத்தின் வழியே மடலாக மட்டும் வரக் கூடாது. வட்டு நிரம்பிய நாளில் அந்த மடலும் வந்து சேராது என்பதால், குறுஞ்செய்திக்கோ வேறொரு சேவையகத்திலுள்ள முகவரிக்கோ செல்லும்படி அமைத்து, அமைத்த அன்றே வெற்றுக் கோப்பு ஒன்றால் வரம்பைத் தாண்டச் செய்து, எச்சரிக்கை உண்மையில் கைக்கு வருகிறதா என்று சோதித்துவிடுங்கள்.